ஃப்ளெக்ஸ் டிசைன் போனில் ஏன் வெட்டுப்படுகிறது? சமூக ஊடக விளம்பரப் படங்களின் அளவும் தயாரிப்பும்

கேள்வி: நாச்சியார்கோவிலில் எங்களுக்குக் குத்துவிளக்குப் பட்டறை இருக்கிறது. கார்த்திகைக்கு ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டி விளம்பரம் போட்டோம். கடை வாசலில் மாட்டிய 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸின் டிசைனையே டிசைனரிடம் வாட்ஸ்அப்பில் வாங்கி ஏற்றினோம். ஒரு இடத்தில் ஓரத்தில் இருந்த கடைப்பெயர் வெட்டுப்பட்டது. ஸ்டோரியில் படம் சின்னதாகி நடுவில் நின்றது. எழுத்தெல்லாம் மங்கல். எந்த அளவில் படம் செய்ய வேண்டும்? ஒரே படத்தை எல்லா இடத்துக்கும் பயன்படுத்த முடியாதா?

பதில்:

ஒரே படத்தை எல்லா இடத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரே போஸ்டரைப் பயன்படுத்த முடியாது. இந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பிடிபட்டால் அளவு எண்களை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

படம் என்றால் விளக்கு, அதன் பின்னணி, சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம். அதை நீட்டாகவும் வெட்டலாம், சதுரமாகவும் வெட்டலாம். போஸ்டர் என்றால் விளக்கோடு கடைப்பெயர், மேலே சாமி படம், ஓரத்தில் அப்பாவின் புகைப்படம், மூன்று போன் நம்பர், முகவரி, ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ எல்லாம் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட்டது. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஏதோ ஒன்று போகும். சாமி தலை போனால் உங்களுக்கே மனசு கேட்காது.

ஃப்ளெக்ஸில் இதெல்லாம் இருக்க வேண்டியதுதான். பைக்கில் போகிறவர் நிறுத்தி நம்பரைக் குறித்துக்கொள்ள அங்கே வேறு வழி இல்லை. போனில் நிலைமை வேறு. விளம்பரத்துக்குக் கீழேயே ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தொட்டால் நேராக உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடலாம், அல்லது அழைப்பே போய்விடும். கடையின் பெயர் படத்துக்கு மேலே தானாக வருகிறது. முகவரியும் மற்ற விவரமும் எழுத தனி இடம் இருக்கிறது. ஆக, போன் விளம்பரத்தில் படத்துக்கு இருக்கும் வேலை ஒன்றே ஒன்று: விரலால் தள்ளிக்கொண்டே போகிறவரை அந்த விளக்கின் முன்னால் ஒரு நொடி நிற்க வைப்பது.

எழுத்து ஏன் மங்கியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆறு அடி என்பது சுமார் 183 சென்டிமீட்டர். அதில் போன் நம்பரை 4 சென்டிமீட்டர் உயரத்தில் போட்டிருப்பார்கள், தெருவில் நன்றாகத் தெரியும். சாதாரண ஆண்ட்ராய்டு போனின் திரை அகலம் 6.8 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அந்த அகலத்துக்குள் ஃப்ளெக்ஸ் முழுவதும் சுருங்கும்போது அதே நம்பர் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வாட்ஸ்அப்பின் சுருக்கமும் சேர்ந்தால் 8 எது 6 எது என்று தெரியாது.

இப்போது அளவுகள். பிக்சல் (திரையில் படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி) எண்ணை விட அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். விகிதம் சரியாக இருந்தால் பிக்சல் கூடுதலாக இருப்பது பிரச்சினை இல்லை, செயலியே குறைத்துக்கொள்ளும். விகிதம் தவறினால் வெட்டும், இல்லையென்றால் ஓரத்தில் வண்ணப் பட்டை போட்டு நிரப்பும். உங்கள் ஸ்டோரியில் நடந்தது இரண்டாவது. 6க்கு 4 ஃப்ளெக்ஸ் அகலவாக்கில் 3:2. ஸ்டோரி நெடுக்குவாக்கில் 9:16, அதாவது 1080 பிக்சல் அகலம், 1920 உயரம். 1080 அகலத்தில் உங்கள் டிசைனின் உயரம் 720 தான் வரும். திரையில் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறீர்கள்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஃபீடுக்கு, அதாவது விரலால் தள்ளிக்கொண்டே பார்க்கும் பதிவு வரிசைக்கு, 4:5 விகிதத்தில் செய்யுங்கள். 1080க்கு 1350. இரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் இப்போது 1440க்கு 1800 என்று கொஞ்சம் பெரிதாகவே பரிந்துரைக்கிறது. மூலப்படம் நன்றாக இருந்தால் அந்த அளவில் எடுங்கள், இல்லையென்றால் 1080 போதும். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்குவதில் எந்தப் பலனும் கிடையாது. ஃபீடுக்குச் சதுரத்தை விட நான் 4:5ஐச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே அகலத்தில் சதுரத்தை விடக் கால் பங்கு கூடுதல் உயரம் கிடைக்கிறது, குத்துவிளக்கு நெட்டையான பொருள். பட்டுப்புடவை மடிப்பு விற்பவருக்குச் சதுரம் பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது.

சதுரம், அதாவது 1080க்கு 1080, பல படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கேரசல் விளம்பரத்துக்குத் தேவைப்படும். அதில் 2 முதல் 10 படம் வரை வைக்கலாம். அகலவாக்கில் 1.91:1 என்று ஒன்று இருக்கிறது, 1200க்கு 628. இணையதள இணைப்போடு வரும் விளம்பரங்களுக்கும் கூகுள் விளம்பரத்துக்கும் அது. போன் ஃபீடில் 4:5 படம் பிடிக்கும் இடத்தில் பாதிகூட இதற்குக் கிடைக்காது. வலைத்தளம் இல்லாத பட்டறைக்கு இப்போதைக்கு இதை மறந்துவிடலாம்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் அவர்கள் புரொஃபைல் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4 விகிதத்துக்கு மாற்றினார்கள். 4:5 படம் அந்தக் கட்டத்தில் தெரியும்போது இடமும் வலமும் கொஞ்சம் மறையும். 1080 அகலத்தில் பக்கத்துக்கு 34 பிக்சல் அளவு. ஓரத்தை ஒட்டி எழுத்து வைக்காமல் இருந்தால் இது உறுத்தாது.

ஸ்டோரி, ரீல்ஸ் இரண்டையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டும் 9:16 தான். ஆனால் 1080க்கு 1920 முழுவதும் உங்களுக்குச் சொந்தமில்லை. மேலே கடையின் பெயரும் வட்டப் படமும் வரும். கீழே பட்டன், விளக்க வரிகள். ரீல்ஸில் வலது ஓரத்தில் இதயம், கமென்ட், ஷேர் சின்னங்கள். ஸ்டோரியில் மேலே 14 சதவீதமும் கீழே 20 சதவீதமும் எழுத்தோ லோகோவோ இல்லாமல் விடச் சொல்கிறது மெட்டா. ரீல்ஸில் மேலே அதே 14, கீழே 35, இரண்டு பக்கமும் 6 சதவீதம். ரீல்ஸ் கணக்கைப் பின்பற்றினால் ஸ்டோரிக்கும் அதுவே சரியாக இருக்கும். பிக்சலில் சொன்னால் மேலே 270, கீழே 670, பக்கத்துக்கு 65. மிச்சம் கிடைப்பது சுமார் 950க்கு 980, கிட்டத்தட்ட ஒரு சதுரம். அதுவும் திரையின் நட்டநடுவில் இல்லை, நடுவுக்குச் சற்று மேலே.

இதை வைத்துக் குத்துவிளக்கை எப்படி நிறுத்துவது? முழு விளக்கையும் அந்தச் சதுரத்துக்குள் அடக்கினால் விளக்கு சிறுத்துப் போகும். தேவையில்லை. பார்ப்பவர் கண் போவது உச்சியில் இருக்கும் அன்னத்துக்கும் தட்டில் எரியும் ஐந்து முகத்துக்கும்தான். அன்னத்தின் தலை மேலிருந்து 300 பிக்சலுக்குக் கீழே வரட்டும், தட்டும் சுடரும் திரையின் நடுவுக்கு மேலே நிற்கட்டும். தண்டு கீழே இறங்கிப் போகட்டும். அடிப்பாகமும் கோலமும் பட்டனுக்குப் பின்னால் போனால் எந்த நஷ்டமும் இல்லை. பார்ப்பவர் மனம் அதைத் தானே பூர்த்தி செய்துகொள்ளும். சாமி படமோ கடை லோகோவோ ஏதாவது கட்டாயம் வேண்டும் என்றால் அந்தச் சதுரத்துக்குள் மட்டும் வையுங்கள். என் யோசனை, சாமி படமே வேண்டாம். ஏற்றிய குத்துவிளக்கே மங்கலம்தானே.

எடுக்கும்போதே இதையெல்லாம் மனத்தில் வைத்து எடுக்க வேண்டும். போன் கேமராவின் இயல்பான விகிதம் 4:3. 12 மெகாபிக்சல் படம் என்றால் நெடுக்குவாக்கில் 3024க்கு 4032. இதிலிருந்து 4:5 எடுக்க மேலும் கீழும் 126 பிக்சல் வெட்டினால் போதும், எதுவும் போகாது. ஆனால் 9:16 எடுக்க இடமும் வலமும் 378 பிக்சல் போகும், அகலத்தில் கால் பங்கு. சதுரத்துக்கு உயரத்தில் கால் பங்கு போகும். ஆகவே திரை முழுக்க விளக்கை நிரப்பாதீர்கள். இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, நாலு பக்கமும் வெறும் சுவரோ துணியோ தெரிய எடுங்கள். அந்த வெற்றிடம்தான் பிறகு வெட்டுவதற்கு உங்கள் கைமுதல். முழு விளக்குக்கு ஒன்று, அன்னமும் தட்டும் மட்டும் நெருக்கமாக ஒன்று. இந்த இரண்டும் இருந்தால் எல்லா அளவுக்கும் வந்துவிடும்: 9:16, 4:5 இரண்டுக்கும் முழுப்படம், சதுரத்துக்கு நெருக்கப் படம்.

கேமராவின் சாதாரண முறையிலேயே எடுங்கள். 0.5 என்று இருக்கும் அகல லென்ஸ் வேண்டவே வேண்டாம். அது ஓரத்தில் இருப்பதை இழுக்கும், அடிப்பாகம் வீங்கித் தெரியும், தண்டு வளையும். போனை விளக்கின் பாதி உயரத்துக்கு இறக்கிப் பிடியுங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் நாலடி விளக்கும் குட்டையாகிவிடும்.

பித்தளைக்கு ஒரு சங்கடம் உண்டு. மெருகு போட்ட பித்தளை கண்ணாடி போல எதிரில் இருப்பதையெல்லாம் காட்டும். உங்கள் நீலச்சட்டை, கையில் இருக்கும் போன், எதிர்வீட்டு ஜன்னல் எல்லாம் அதில் விழும். ஃபிளாஷ் போட்டால் ஒரே வெள்ளைப் புள்ளியும் அதைச் சுற்றி இருட்டும்தான் மிஞ்சும். திண்ணையிலோ முற்றத்தின் ஓரத்திலோ, வெயில் நேராக விழாத நிழலில் காலையில் எடுங்கள். வெளிச்சம் வரும் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் அதில் வடிந்து மிருதுவாக வரும், பித்தளையில் நெடுக ஒரு வெள்ளைக்கோடு ஓடும். வார்ப்பின் வளைவையும் கடைசல் வரிகளையும் காட்டுவது அந்தக் கோடுதான். எதிர்ப்பக்கம் கறுப்புத் துணியோ அட்டையோ நிறுத்தினால் விளக்கின் விளிம்பு சுவரிலிருந்து பிரிந்து கச்சிதமாகத் தெரியும். வெள்ளைச் சட்டையோ கறுப்புச் சட்டையோ போட்டுக்கொள்ளுங்கள், சிவப்பும் நீலமும் வேண்டாம். எடுப்பதற்கு முன் துணியால் துடைத்துவிட்டு, அதன் பிறகு விரல் படாமல் நகர்த்துங்கள்.

சுடரோடு எடுக்க நல்ல நேரம் சூரியன் மறைந்த உடனே வரும் கொஞ்ச நேரம். வானத்தில் வெளிச்சம் இருக்கும், சுடரும் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் போன் படத்தை வெளுக்க வைக்கப் பார்க்கும், சுடர் வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் சுடரின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். சுடரின் மஞ்சள் திரும்ப வரும்.

அளவு தெரியும்படி ஒரு பொருளைப் பக்கத்தில் வையுங்கள். போனில் ஒரு அடி விளக்கும் நாலு அடி விளக்கும் ஒன்றாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு தேங்காயும் வெற்றிலைத் தட்டும் இருந்தால் போதும், எந்த உயரம் என்று பார்ப்பவருக்கு நொடியில் பிடிபடும். ‘இவ்வளவு சின்னதா?’ என்று பார்சலைப் பிரித்தபின் கேட்கும் சண்டையும் இருக்காது.

படம் எடுத்தாயிற்று, இனி எழுத்து. படத்தில் எழுத்து 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஃபேஸ்புக்கில் ஒரு காலத்தில் விதி இருந்தது. 2020ல் அதை எடுத்துவிட்டார்கள். இன்னும் பல டிசைனர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விதி போனாலும் காரணம் போகவில்லை. எழுத்து அதிகமானால் படம் நோட்டீஸ் ஆகிவிடுகிறது, நோட்டீஸை யாரும் நின்று பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் படத்தின் மேல் ஒரே ஒரு வரி. ‘கார்த்திகைக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு’ போதும். விலை சொல்வதென்றால் இரண்டாவது வரியில் விலை. வேறு எதுவும் வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்தை விடக் கூடுதல் உயரம் தேவை. மேலே புள்ளி, சுழி, கீழே உகரக் கால், பக்கத்தில் கொம்பு என்று எல்லாப் பக்கமும் உறுப்புகள் நீளும். எழுத்து சிறுத்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். கணக்கு இப்படி: 1080 பிக்சல் 6.8 சென்டிமீட்டர் அகலத்தில் நிற்கிறது என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். படிக்கும்படி இருக்க எழுத்தின் உடல் மூன்று மில்லிமீட்டராவது வேண்டும், அதாவது 48 பிக்சல். தலைப்பு வரிக்கு 80க்குக் குறையாதீர்கள். ‘சீர்வரிசைக்கு’ மாதிரி நீண்ட சொல் அந்த அளவில் ஒரு வரியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். அதற்காக எழுத்தைக் குறைக்காதீர்கள், சொல்லைக் குறையுங்கள்.

எழுத்துருவில் மெலிந்த கோடுகளும் அலங்காரச் சுழிகளும் உள்ளவற்றை ஒதுக்குங்கள். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ், பலூ தம்பி, கேட்டமரன் இவையெல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், சின்னத் திரையில் நன்றாக நிற்கும். ஃப்ளெக்ஸ் கடைகளில் இன்னும் பழைய, யூனிகோடு (எல்லாக் கருவியிலும் ஒரேபோல் படிக்கப்படும் பொதுக் குறியீடு) அல்லாத எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அச்சுக்கு அது ஓடும். ஆனால் அதை நகலெடுத்து ஃபேஸ்புக்கின் விளக்க வரியில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். விளக்க வரியை நீங்களே போனில் யூனிகோடில் எழுதிவிடுங்கள். இன்னொன்று, ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் யூனிகோடு தமிழ் எழுதும்போது ‘கொ’ என்ற எழுத்து உடைந்து கொம்பு இடம் மாறி வந்தால் எழுத்துருவின் மேல் பழி போடாதீர்கள். அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ‘கோவில்’ என்ற சொல்லே உடைந்து வந்த விளம்பரங்களை நம் ஊர்ப்பக்கம் நிறையப் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. நாச்சியார்கோவிலிலிருந்து போகும் விளம்பரத்தில் அந்தச் சொல்லாவது முழுசாக இருக்க வேண்டும்.

க்யூஆர் கோடு வேண்டாம். விளம்பரம் இருப்பது அவர் கையில் இருக்கும் போனில். அதை எந்தப் போனால் ஸ்கேன் செய்வார்? வீடியோவின் ப்ளே பட்டன் முக்கோணம் போல எதையும் படத்தில் வரையாதீர்கள். வேலை செய்யாத பட்டனைப் படத்தில் காட்டுவதை மெட்டாவின் விளம்பர விதிகள் ஏற்பதில்லை. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தால், அதாவது முறையாகப் பதிவு பெற்ற பயனராக இருந்தால், முத்திரையைப் படத்தின் மூலையில் குட்டியாக ஒட்டாமல் விளக்க வரியின் முதல் வாக்கியத்திலேயே எழுதுங்கள். மூலையில் இருக்கும் முத்திரை போனில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும்.

அடுத்தது கோப்பு. ஃப்ளெக்ஸ் டிசைனர் பெரும்பாலும் சிஎம்ஒய்கே வண்ணத்தில் வேலை செய்வார், அது அச்சு மையின் கணக்கு. அதை அப்படியே ஏற்றினால் மஞ்சள் மங்கி, பித்தளை பழுப்பாகத் தெரியலாம். திரைக்கான எஸ்ஆர்ஜிபி வண்ணத்தில் மாற்றித் தரச் சொல்லுங்கள். டிபிஐ, அதாவது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, எவ்வளவு என்று கேட்பார். அதற்குத் திரையில் அர்த்தமே இல்லை. 72 என்று போட்டாலும் 300 என்று போட்டாலும் 1080க்கு 1350 பிக்சல் அதே 1080க்கு 1350 தான். பிக்சலை மட்டும் சொல்லுங்கள்.

வெறும் புகைப்படம் என்றால் ஜேபெக், தரம் 80லிருந்து 90க்குள். எழுத்தும் லோகோவும் இருந்தால் பிஎன்ஜி. ஜேபெக் கோப்பு வெளிச்சத்தை முழு அளவிலும் வண்ணத்தைப் பெரும்பாலும் பாதி அளவிலும்தான் சேமிக்கிறது. அதனால்தான் கறுப்பின் மேல் சிவப்பு எழுத்து, பச்சையின் மேல் சிவப்பு எழுத்து ஓரத்தில் கசிந்து தெரிகிறது. நம் ஊர் ஃப்ளெக்ஸுக்குச் சிவப்பும் மஞ்சளும் உயிர். போனில் மட்டும் வெள்ளை எழுத்தோ, அடர்ந்த பின்னணியில் வெளிர்மஞ்சள் எழுத்தோ போடுங்கள், கூர்மையாக நிற்கும். கோப்பு 30 எம்பி வரை ஏற்றலாம் என்கிறது மெட்டா. அதற்குப் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை. ஏற்றியபின் அவர்களே இன்னொரு முறை சுருக்குவார்கள். நீங்கள் ஏற்றுவது ஏற்கெனவே சுருங்கிச் சுருங்கி வந்ததாக இல்லாமல் இருந்தால் சரி.

அங்கேதான் வாட்ஸ்அப் வருகிறது. டிசைனர் உங்களுக்கு, நீங்கள் அண்ணனுக்கு, அண்ணன் விளம்பரம் போடும் பையனுக்கு என்று படமாக அனுப்பும் ஒவ்வொரு கையிலும் அது மறுபடி சுருங்க வாய்ப்புண்டு. 2023ல் வாட்ஸ்அப் ஹெச்டி தேர்வைக் கொண்டுவந்தது, அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் சுருக்கம் முழுதாகப் போகாது. படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் ஒரு பிக்சல் குறையாமல் வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். ஐபோனில் எடுத்த படம் ஹெச்இஐசி வகையாக இருந்தால் ஜேபெக் ஆக மாற்றிக்கொண்டு ஏற்றுங்கள்.

ஏற்றும் இடத்தில் இரண்டு விஷயம். பதிவின் கீழே இருக்கும் பூஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்த ஒரு படமே எல்லா இடத்துக்கும் போகும். மெட்டாவின் விளம்பரக் கருவியான ஆட்ஸ் மேனேஜர் வழியாகப் போட்டால் ஃபீடுக்கு 4:5, ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் 9:16, கேரசலுக்குச் சதுரம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் இதுவரை சொன்னதெல்லாம் பலன் தருவது அங்கேதான். இரண்டாவது, படத்தைத் தானாக மெருகேற்றும் தேர்வுகள் அங்கே வரும். வெளிச்சத்தைக் கூட்டும், ஓரத்தை நீட்டி நிரப்பும், எழுத்து சேர்க்கும், பாட்டு சேர்க்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பித்தளையின் நிறத்தையும் விளக்கின் உருவத்தையும் தொடுவது எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். ஐந்து முகத்தை ஆறாக்கிக் காட்டினால் வாங்குபவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பக்கத்தில் திருபுவனத்தில் பட்டு நெய்கிற சொந்தக்காரர் யாராவது இதே கேள்வியைக் கேட்டால் அளவெல்லாம் இதேதான் என்று சொல்லுங்கள். அவர்களுக்குத் தலைவலி நிறத்தில். டியூப் லைட்டும் ஜன்னல் வெயிலும் ஒன்றாக விழும் இடத்தில் எடுத்தால் அரக்கு ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் ஊதாவாகவும் வரும். ஒரே வெளிச்சத்தில் எடுத்து, புடவையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்து நிறத்தைத் திருத்த வேண்டும். வாடாமல்லி நிறத்தைத் திரையில் அப்படியே கொண்டுவருவது கடினம். அதை விளக்க வரியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நேர்மை.

பணம் கட்டுவதற்கு முன் முன்னோட்டத்தை வீட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த போனில் திறந்து, வெளிச்சத்தைப் பாதியாக வைத்து, வெயிலில் நின்று பாருங்கள். பேருந்து நிலையத்தில் நிற்பவர் அப்படித்தான் பார்க்கப் போகிறார். டிசைனரின் பெரிய மானிட்டரில் எல்லாமே அழகாகத்தான் தெரியும்.

எந்தப் படம் வேலை செய்யும் என்று கேட்டால் என் அபிப்பிராயம் இது. தனி விளக்கின் சுத்தமான படத்தோடு பட்டறையின் படம் ஒன்றையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். காவிரி வண்டல் மண்ணில் அச்சுக் கட்டும் கை, உருக்கிய உலோகத்தை ஊற்றும் நேரம், அடிப்பாகமும் தண்டும் தட்டும் உச்சியும் தனித்தனியாகக் கிடந்து பிறகு திருகிச் சேர்வது. சதுரத்தில் நாலைந்து படமாகக் கேரசல் செய்தால் கடைசிப் படமாக ஏற்றிய விளக்கு நிற்கட்டும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பித்தளை விளக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்த மண்ணும் கையும் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது, அதைக் காட்ட எழுத்து தேவையே இல்லை.

இந்தக் கார்த்திகைக்குப் புதிதாக எடுக்க நேரம் இல்லை என்றால், டிசைனரிடம் ஃப்ளெக்ஸின் மூலக்கோப்பைத் திறந்து எழுத்து, சாமி படம், பார்டர் எல்லா அடுக்கையும் அணைத்துவிட்டு விளக்கும் பின்னணியும் மட்டும் எஸ்ஆர்ஜிபியில் தரச் சொல்லுங்கள். விளக்கை வெட்டி ஒட்டியிருந்தால் அன்னத்தின் அலகும் திரியின் நுனியும் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கத்தரித்திருப்பார்கள். அதிலிருந்து 1080க்கு 1350 ஒன்று, 1080க்கு 1920 ஒன்று, 1080க்கு 1080 ஒன்று. மூன்றையும் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி, கோப்புப் பெயரிலேயே ஃபீடு, ஸ்டோரி, கேரசல் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.